பக்தவச்சலத்தின் தடை

பாப்திஸ்து வாலிபர் சங்கத்தில் பக்தவச்சலம் என்று ஒருவன் இருந்தான் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். முகாம்களில் பெயர் வாசிக்கிறபோது அந்த இடத்தில் ஒரு சலசலப்பு எழும். அவன் எழுந்து நின்று, "ஆங், நான்தாங்க அது" என்பான். கூட்டம் இன்னும் கொஞ்சம் சிரிக்கும். பேரை மாற்றிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவனிடம் ஒரே பதில்தான் இருந்தது. "ஆதார்ல பேர் மாத்தறது எம்மாம் அலைச்சல்னு எனக்குத் தெரியுங்க. தெனம் பத்து பேருக்கு மாத்திக் குடுத்துகினு இருக்கேன்."

அதுதான் அவன் பிழைப்பு. திருத்தணி பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில், ஒரு ஆள் திரும்பினால் இன்னொரு ஆள் வெளியே நிற்கவேண்டிய கடை. ஜெராக்ஸ், ரயில் டிக்கெட், பான் கார்டு, பிறப்புச் சான்று, இறப்புச் சான்று. கிருத்திகை நாட்களில் மலைக்கு வந்த கூட்டம் திரும்புகிறபோது, தொலைந்துபோன பர்ஸுக்குப் புகார் மனு எழுதித் தருவதும் அவன்தான்.

நான் விஜயன். அரக்கோணத்தில் ரயில்வே பணிமனையில் வேலை. பக்தவச்சலமும் நானும் ஒரே வகுப்பு. எங்கள் திருத்தணிக் கிளையின் வாலிபர் சங்கத்துக்குப் பதினொரு வருடம் நான் செயலராக இருந்தேன் என்று பதிவேடு சொல்கிறது. பதிவேட்டை நம்பாதீர்கள். கையெழுத்து என்னுடையது, வேலை அவனுடையது. முகாமுக்கு இடம் பிடித்தது, பெயர்ப் பட்டியல் தட்டச்சு செய்தது, அண்டா வாடகைக்கு எடுத்தது, மைக் கரகரத்தால் ஓடிப்போய்ப் பார்த்தது எல்லாம் அவன். ஆனால் அவன் செயலர் ஆக முடியாது. சட்டம் அப்படி.

அந்தச் சட்டம் வந்த கதையைச் சொன்னால்தான் இவன் கதை விளங்கும். எங்கள் பெரிய அமைப்புக்கு அகில இந்திய பாப்திஸ்து வாலிபர் ஐக்கியம் என்று பெயர். ஆரம்பத்தில் அப்படி ஒன்று இல்லை. தெலுங்குப் பக்கம் தனி, தமிழ்ப் பக்கம் தனி, ஒடியாக்காரர்கள் தனி, வடகிழக்கு மலைக்காரர்கள் தனி. எழுபத்து நாலாம் வருடம் மே மாதம் கூடூரில் ஒரு பள்ளி விடுதியில் எல்லாரையும் சேர்த்து ஐந்து நாள் முகாம் வைத்தார்கள். முகாம் முடிகிற நேரம் பார்த்து ரயில்வே வேலைநிறுத்தம் வந்தது. ஊர் திரும்ப வண்டியில்லை. நாற்பது பேர் விடுதியிலேயே மாட்டிக்கொண்டார்கள். எத்தனை நாள்தான் பாடுவது? சும்மா உட்கார்ந்தவர்கள் சட்டதிட்டம் எழுத ஆரம்பித்தார்கள். இருபது நாள் எழுதினார்கள். வண்டி ஓடத் தொடங்கியபோது நூற்றுப் பன்னிரண்டு விதிகளோடு வீடு போய்ச் சேர்ந்தார்கள். ஊழியர்கள் பத்து நாளில் வேலைக்குத் திரும்பியிருந்தால் விதி ஐம்பதோடு நின்றிருக்கும். ரயில்வேக்காரனாகிய நான் இதைச் சொல்லக்கூடாதுதான்.

கிளை, வட்டாரம், மண்டலம், தேசியம் என்று நாலு படி வைத்தார்கள். எங்கள் வட்டாரம் திருத்தணி, அரக்கோணம், நகரி, புத்தூர். பாதிப் பேர் தமிழில் ஜெபிப்பார்கள், பாதிப் பேர் தெலுங்கில். பதினைந்து வயதில் சேரலாம். முப்பத்தைந்து நிறைகிற அன்று பெயர் நீங்கிவிடும். மூன்று வருடத்துக்கு ஒரு தேசிய மாநாடு. இதெல்லாம் சரி. முக்கியமான விதி ஒன்பதாவது. விசுவாசத்தை வாயால் அறிக்கை செய்து, தண்ணீரில் முழுக மூழ்கி ஞானஸ்நானம் பெற்றவர்தான் முழு உறுப்பினர். மற்றவர் இணை உறுப்பினர். இணை உறுப்பினர் பாடலாம், ஜெபிக்கலாம், வேலை செய்யலாம். வாக்களிக்க முடியாது, பொறுப்புக்கு வர முடியாது. குழந்தைக்கு நெற்றியில் தண்ணீர் தெளித்துப் பெயர் சேர்ப்பது எங்களிடம் கிடையாது. அவனவன் தானாக இறங்கவேண்டும். அதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பக்தவச்சலம் பத்தொன்பது வருடம் இணை உறுப்பினர். அகில இந்தியாவிலேயே அது ஒரு சாதனை என்று வட்டாரத்தில் கேலி செய்வார்கள்.

அவன் வந்தது பத்தாம் வகுப்பு டியூஷனுக்கு. சபைக் கூடத்தில் எங்கள் சங்கம் மாலையில் இலவசமாகக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது. கே.ஜி.கண்டிகையிலிருந்து சைக்கிளில் வருவான். அப்பா துளசிங்கம் இவனுடைய எட்டு வயதிலேயே போய்விட்டார். அம்மா ஜெயம்மா கூலி வேலைக்குப் போய்ப் படிக்கவைத்தாள். நடவு, களை, வேர்க்கடலை ஆய்வது, எது கிடைத்தாலும். கணக்கில் அவன் தேறினான். டியூஷன் முடிந்தும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துகொண்டிருந்தான். யாரும் இழுக்கவில்லை. ஒரு நாள் அவனாகவே எழுந்து, ஒரு நிமிடம்கூட நீளாத ஒரு ஜெபம் செய்தான். அவன் ஜெபம் கடைசிவரை அவ்வளவுதான் நீளம். நாங்களெல்லாம் கடவுளுக்கே ஊர்ச்செய்தி சொல்வதுபோல் நீட்டுவோம். அவன் கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவான். எங்கள் எல்லாரையும்விட அவனுக்குத்தான் விசுவாசம் இருந்தது என்று நான் நினைக்கிறேன். இதைச் சொல்ல எனக்குப் பொறாமை ஒன்றும் இல்லை.

பதினாறு வயதில் இரண்டு பேரும் ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுத்தோம். எனக்கு வீட்டில் தடையில்லை. என் அப்பா காலத்திலேயே நாங்கள் சபைக்கு வந்துவிட்டவர்கள். இவன் விஷயமாக அப்போதிருந்த சங்கத் தலைவரும் நானும் கண்டிகைக்குப் போய் ஜெயம்மாவைப் பார்த்தோம். வாசலில் சாக்கை விரித்து வேர்க்கடலை ஆய்ந்துகொண்டிருந்தாள். எங்களுக்கும் ஆளுக்கு ஒரு கை அள்ளிப் போட்டுவிட்டுத்தான் பேசவே விட்டாள்.

"இன்னா நைனா, அவன் உங்க கோயிலுக்கு வரட்டும், பாடட்டும், வாராவாரம் சாமி கும்புடட்டும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். தண்ணில மட்டும் முக்கிடாதீங்க. முக்கிட்டீங்கன்னா எனக்கு யாரு கொள்ளி வெக்கிறது? எனக்கு இருக்கறது இவன் ஒருத்தன்தான். ஊர்ல நாலு பேரு நின்னுகினு, புள்ள இருந்தும் அனாதப் பொணம்னு சொல்லணுமா?"

தலைவர் விளக்க ஆரம்பித்தார். ஜெயம்மா அவரைப் பார்க்கவேயில்லை, மகனைத்தான் பார்த்தாள்.

"சரிம்மா" என்றான் பக்தவச்சலம். "நீ இருக்கற வரைக்கும் நான் முங்க மாட்டேன். போதுமா?"

பதினாறு வயதுப் பையன், அம்மா அழுதுவிடக்கூடாது என்று சொன்ன சொல் அது. நல்ல சொல்தான். அதற்குள் என்ன இருக்கிறது என்று அவனும் பார்க்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை.

திரும்பி வருகிற வழியில் தலைவர், இதை ஜெபக் குறிப்பில் போடுவோம் என்றார். ஐக்கியம் வருடாவருடம் ஒரு கையேடு வெளியிடும். ஒரு நாளைக்கு ஒரு வரி. அன்றைக்கு நாடு முழுக்க எல்லாக் கிளைகளும் அந்த வரிக்காக ஜெபிக்கவேண்டும். பக்தவச்சலமே உட்கார்ந்து எழுதினான்: "என் அம்மா ஜெயம்மா மனசு மாறி, சந்தோஷமாக என்னை ஞானஸ்நானத்துக்கு அனுப்ப ஜெபிக்கவும்." அது வட்டாரத்துக்குப் போனது. வட்டாரத்தில், நீளம், சுருக்கு என்று, "தாயார் தடையாக இருப்பது நீங்க" என்று ஆக்கினார்கள். மண்டலத்தில் இன்னும் இரண்டு சொல் குறைந்தது. தேசிய அலுவலகத்திலிருந்து அச்சாகி வந்தபோது பிப்ரவரி பதினெட்டுக்கு எதிரே இப்படி இருந்தது: "திருத்தணி, சகோ. பக்தவச்சலம், தடை நீங்க."

ஜெயம்மா வழியிலேயே எங்கோ விழுந்துவிட்டாள். ஒருவரும் கவனிக்கவில்லை. அடுத்த வருடம், குறிப்பு தொடர்கிறதா என்று கேட்டு ஒரு கட்டம் வந்தது. தொடர்கிறது என்று குறியிட்டோம். அதற்கடுத்த வருடமும் குறியிட்டோம். நான் செயலரான பிறகு என் கையாலேயே பதினொரு தடவை குறியிட்டிருக்கிறேன்.

பிப்ரவரி பதினெட்டு வந்தால் அவனுக்கு ஒரே குஷி. "இன்னிக்கு இந்தியாவே எனக்காக முட்டி போட்டுகினு இருக்குது. நீ ஒரு டீ வாங்கித் தரமாட்டியா?" என்பான். வாங்கித் தருவேன். பதினெட்டு டீயாவது இருக்கும்.

ஜெயம்மாவோ, நாங்கள் எதற்காக ஜெபிக்கிறோம் என்று தெரியாமல் எங்களுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கோடை முகாம் என்றால் அவள்தான் சமையலுக்கு வருவாள். எலுமிச்சை சாதமும் வேர்க்கடலைத் துவையலும். நூறு பேர் சாப்பிடுகிறபோது கரண்டியோடு நடுவில் நின்றுகொண்டு, "பாப்டிஸ்ட் பசங்க பாட்டுதான் பெருசு, வவுறு சின்னது" என்று வம்பிழுப்பாள். ஆடிக் கிருத்திகைக்கு மலைக்குக் காவடி எடுப்பாள். இவன் பைக்கில் கொண்டுபோய்ப் படிக்கட்டு அடியில் இறக்கிவிட்டு, அவள் செருப்பை வண்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டு, இறங்கி வருகிறவரை காத்திருப்பான். சபையில் சிலர் இதை முகம் சுளித்துப் பேசினார்கள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. சபைப் பெண் கொடுக்க ஞானஸ்நானம் இல்லை என்றார்கள். ஊர்ப் பெண் கொடுக்க அவன் சர்ச்சுக்குப் போகிறான் என்றார்கள். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வான். ஒரே ஒரு தடவை அவன் ஆசைப்பட்டுப் பேசிக் கேட்டிருக்கிறேன். சபைக் கூடத்துச் சுவரில் கிளைச் செயலர்களின் பெயர்ப் பலகை இருக்கிறது. முதல் செயலரிலிருந்து என் பெயர்வரை வெள்ளைப் பெயிண்டில். பெருக்கிக்கொண்டிருந்தவன் நின்று அதைப் பார்த்து, "ஒரே ஒரு நாளாவது என் பேரு இதுல ஏறணும்டா" என்றான். மறுபடி பெருக்க ஆரம்பித்துவிட்டான்.

போன புரட்டாசியில் ஜெயம்மா செத்துப்போனாள். சர்க்கரை, பிறகு சிறுநீரகம். ஆறு மாதம் டயாலிசிஸ் என்று அலைந்தான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கடையில் யாருக்கோ சாதிச் சான்று அச்சடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அச்சு முடிகிறவரை நின்று, தாளை எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினான் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார்.

அவள் கேட்டபடியே எல்லாம் செய்தான். மொட்டை அடித்துக்கொண்டான். குடம் தூக்கி மூன்று சுற்று வந்தான். கொள்ளி வைத்தான். நானும் பாஸ்டரும் சபையார் ஆறேழு பேரும் போயிருந்தோம். சடங்கில் கலக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அதனால் சுடுகாட்டுக்கு வெளியே ரோட்டிலேயே நின்றோம். பாஸ்டர் மெல்லிய குரலில் ஜெபித்தார். நான் பத்தொன்பது வருடம் அவள் கையால் சாப்பிட்டவன், உள்ளே போய் ஒரு கை வாய்க்கரிசி போடவில்லை. அன்றைக்கு அது எனக்கு உறுத்தவும் இல்லை. அதுதான் இப்போது உறுத்துகிறது.

நாலாம் நாள் கடையைத் திறந்துவிட்டான். நான் பார்க்கப் போனேன். அழுவான், ஆறுதல் சொல்லலாம் என்று போனவனுக்கு அங்கே வேலையே இல்லை. மொட்டைத் தலையோடு உட்கார்ந்து ஒரு பாட்டிக்கு ஓய்வூதிய விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தான். "சாப்டியா?" என்றேன். "ஆங்" என்றான். "இன்னா சாப்ட?" என்றேன். கொஞ்சம் யோசித்தான். "தெரியலடா" என்றான். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே தெரியவில்லை. பிறகு ஜெயம்மாவின் இறப்புச் சான்றையும் அவனே விண்ணப்பித்து, அவனே அச்சடித்து, ஓரத்தைக் கத்தரித்து லேமினேட் செய்தான். ஒரு பிரதிக்கு இவ்வளவு என்று வழக்கம்போல் சீட்டும் எழுதிவிட்டு, யாரிடம் வாங்குவது என்று தெரியாமல் கிழித்துப் போட்டான்.

அதற்கப்புறம் அவன் எதற்கும் சரி என்றுதான் சொன்னான். பாஸ்டர் ஞாயிற்றுக்கிழமை தோளில் கைபோட்டு, "இனி என்னப்பா தடை?" என்றார். "சரிங்கய்யா" என்றான். அது கேள்விக்குப் பதிலே இல்லை. ஆனாலும் பாஸ்டர் சந்தோஷப்பட்டார். நானும் சந்தோஷப்பட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. எனக்கு ஒரு கணக்கு இருந்தது. ஐக்கியத்துக்கு அது ஐம்பதாவது வருடம். டிசம்பர் கடைசியில் விஜயவாடாவுக்குப் பக்கத்தில் பொன்விழா மாநாடு. கடைசி நாள் காலை கிருஷ்ணா ஆற்றில் ஞானஸ்நானம் என்று அறிவித்திருந்தார்கள். பக்தவச்சலத்துக்கு ஜனவரி பதினொன்றில் முப்பத்தைந்து நிறைகிறது. ஆற்றில் இறங்கினால் பதினான்கு நாள் முழு உறுப்பினர். நான் ராஜினாமா செய்துவிட்டு அவனைச் செயலர் ஆக்கிவிடலாம். பலகையில் பெயர் ஏறிவிடும். சொன்னேன். "சரிடா" என்றான். பெயிண்டரிடம்கூடப் பேசிவைத்தேன்.

அக்டோபரில் ஆண்டறிக்கைப் படிவம் வந்தது. அதில் நாலாவது கட்டம், பதில் பெற்ற ஜெபங்கள். எங்கள் கிளை மூன்று வருடமாக அதில் "இல்லை" என்று எழுதி வந்ததால் வட்டாரச் செயலர் போனில் பிடித்துக்கொண்டார். "ஏன்பா, திருத்தணி ஜெபம் மட்டும் கடவுள் காதுல விழலியா? கட்டத்தக் காலியா விடாத, பொன்விழா வருஷம்." பணிமனையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், டிபன் பாக்ஸ் மூடிமேல் தாளை வைத்து எழுதினேன். "சகோ. பக்தவச்சலத்தின் ஞானஸ்நானத்துக்கு இருந்த தடை பத்தொன்பது ஆண்டு ஜெபத்துக்குப் பின் நீங்கியது." எழுதுகிறபோது என் மனதில் ஜெயம்மா இல்லவே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன். கட்டத்தை நிரப்பவேண்டும், அவ்வளவுதான். மாலையில் அவன் கடையில் கொடுத்தேன். வருடாவருடம்போல் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பினான்.

டிசம்பரில் எங்கள் கிளையிலிருந்து பதினொரு பேர் கிளம்பினோம். என் மனைவி பிரேமாவும் வந்தாள். டிக்கெட் எல்லாம் அவன் போட்டதுதான். அரக்கோணம் நடைமேடையில் ஒவ்வொருவருக்கும் பெட்டி எண், இருக்கை எண் சொல்லி ஏற்றிவிட்டுத்தான் தான் ஏறினான். வண்டியில் எல்லாரும் பாடிக்கொண்டு வந்தார்கள். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து, கேட்டவர்களுக்கு அடுத்த ஸ்டேஷன் எதுவென்று சொல்லிக்கொண்டு வந்தான். முடி ஒரு அங்குலம் வளர்ந்திருந்தது.

மாநாட்டுப் பந்தலில் மூவாயிரம் பேர். மலைநாட்டுப் பிள்ளைகளின் பாட்டுக்குக் கூரைத் தகரம் அதிர்ந்தது. கழுத்தில் தொங்குகிற அட்டைகூட நிறம் பிரித்துத்தான் இருந்தது. முழு உறுப்பினருக்கு நீலம், இணை உறுப்பினருக்கு மஞ்சள். முதல் நாள் சரித்திரம் வாசித்தார்கள். கூடூர் விடுதி, ரயில் வேலைநிறுத்தம், நாற்பது பேர், அவர்களில் உயிரோடிருந்த மூன்று பேருக்குச் சால்வை. இரண்டாம் நாள் மாலை, பதில் பெற்ற ஜெபங்கள் என்று ஒரு பகுதி. மேடையில் ஒருவர் ஆங்கிலத்தில் வாசிக்க, தெலுங்கிலும் தமிழிலும் இந்தியிலும் ஒவ்வொருவராக மொழிபெயர்த்தார்கள். கட்டடம் கிடைத்தது, மழை பெய்தது, ஒருவர் குடியை விட்டார். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல்.

பிறகு திருத்தணி வந்தது. "நாம் அனைவரும் அறிந்த பெயர்" என்று தொடங்கினார் மேடையில் இருந்தவர். "பத்தொன்பது ஆண்டுகளாக ஒவ்வொரு பிப்ரவரி பதினெட்டும் நாம் ஜெபித்த சகோதரன். அவர் பாதையில் இருந்த தடையைக் கர்த்தர் இந்த ஆண்டு நீக்கிப்போட்டார்!"

தெலுங்குக்காரர்கள் ஒரு தடவை தட்டினார்கள். தமிழில் சொன்னதும் இன்னொரு தடவை. இந்தியில் சொன்னதும் பந்தலின் அந்தக் கோடியிலிருந்து மூன்றாம் தடவை எழுந்தது. எல்லாருக்கும் அவன் பெயர் தெரிந்திருந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நல்ல ஜனங்கள், நிஜமாகவே முட்டி போட்டவர்கள். எழுந்து நிற்கச் சொன்னார்கள். பக்தவச்சலம் எழுந்தான், மூன்று பக்கமும் திரும்பிக் கும்பிட்டான், உட்கார்ந்தான். பெண்கள் பக்கத்திலிருந்து பிரேமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தட்டவில்லை. அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் நான் என்ன எழுதினேன் என்பது எனக்கு உறைத்தது. என் கையை நான் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

சாப்பாட்டு வரிசையில் அவனுக்குப் பின்னால் நின்றேன். "டேய், அந்தப் படிவத்த நீ படிச்சியா?" என்றேன்.

"ஆங். நான்தான மெயில் பண்ணேன்."

"அப்பவே ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"இன்னா சொல்றது? கட்டம் காலியா இருந்தா திட்றாங்கன்னு நீதான சொல்லிகினு இருந்த." தட்டை நீட்டிச் சாதம் வாங்கிக்கொண்டான். "சாம்பார் ஊத்தட்டும், தள்ளி நில்லு."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். டிக்கெட் விவரம் சொல்கிற குரலில்தான் சொன்னான். மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லடா" என்றான். அதையும் அதே குரலில். நாளைக்கு ஆற்றுக்கு வருகிறாயா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆனால் வந்தான். காலை ஏழு மணிக்கு ஆற்றங்கரையில் வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக வரிசையில் நின்றான். இருபத்தாறு பேர். எங்கள் பாஸ்டரும் வேறு இரண்டு பாஸ்டர்களும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார்கள். கரை முழுக்கக் கூட்டம். குளிர்ந்த தண்ணீர், இறங்கியவர்கள் பல் கிடுகிடுக்க எழுந்து வந்தார்கள். ஒவ்வொருவர் எழும்போதும் ஒரு பல்லவி பாடினோம். நான் துண்டை வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் நின்றேன். அவனுக்கு முன்னால் இருந்த பெண் எழுந்து வந்ததும் பாஸ்டர் அவனைப் பார்த்துக் கையை நீட்டினார்.

பக்தவச்சலம் தண்ணீர் விளிம்புவரை போனான். அங்கே நின்றான்.

பயம் என்று நினைத்தேன். கிட்டே போய், "போடா, நான் இருக்கேன்" என்றேன். மெதுவாக, "உன் பேரு ஏறணும்னியே, பதினாலு நாளுதான்டா இருக்குது. இத விட்டா அப்புறம் இல்ல" என்றும் சொன்னேன்.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். மூன்று மாதத்தில் அன்றைக்குத்தான் அவன் கண்ணில் தண்ணீரைப் பார்த்தேன்.

"பலகையும் வேணாம், ஒண்ணும் வேணாம்டா. நான் கேட்டது எங்கம்மா மனசு மாறணும்னுதான். அவ சாவணும்னு நான் கேக்கல. 'நீ இருக்கற வரைக்கும்'னு அவகிட்ட சொல்லிட்டு, தடை நீங்கறதுன்னா இன்னான்னு தெரியாம பத்தொம்பது வருசமா நானும் உங்க கூட உக்காந்து ஆமென் போட்டுகினு இருந்திருக்கேன். டீ வேற வாங்கிக் குடிச்சேன். இப்ப நான் முங்கி எந்திரிச்சா அவங்கல்லாம் மறுபடி கை தட்டுவாங்க. எங்கம்மா செத்ததுக்கு நானே ஸ்தோத்திரம் சொன்ன மாதிரி ஆயிடும்."

சொல்லிவிட்டுக் கரையேறினான். வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். மேட்டில் போட்டிருந்த செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, பந்தல் பக்கம் நடந்தான். பின்னால் நின்றவர்களுக்கு விஷயம் தெரியாததால் பல்லவி ஓயவில்லை.

பாஸ்டர் இன்னும் கையை நீட்டியபடி தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். என்ன ஆயிற்று என்று என்னைக் கேட்டார். கிளைச் செயலர் நான்தான், நான்தான் பதில் சொல்லவேண்டும்.

"அவங்க அம்மா செத்துட்டாங்க ஐயா" என்றேன்.

அது தனக்குத் தெரியாதா என்பதுபோல் அவர் பார்த்தார். தெரியும்தான். சுடுகாட்டு ரோட்டில் என் பக்கத்தில் நின்றவர்தான் அவர். ஆனால் இந்த மூன்று மாதத்தில் எங்கள் இருவரில் யாரும் அந்த வார்த்தையை வாயால் சொல்லியிருக்கவில்லை. தடை நீங்கிவிட்டது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.